சாயம் கட்டிக்குள், வெயில் தோல்மேல்

ராணிப்பேட்டை, ஆம்பூர் டேனரிகளில் சாயம் ஊறியதா என்று பார்க்கத் தோலின் ஓரத்தை வெட்டி, நிறம் நடுவரை இறங்கியிருக்கிறதா என்று நோக்குவார்கள். சாயம் ஏற்றி, ஒளி பாய்ச்சிப் புற்றுநோய்க் கட்டியை அழிக்கும் ஒளியியக்கச் சிகிச்சையில் (photodynamic therapy) கட்டியை அப்படி வெட்டிப் பார்க்க முடியாது. கடிகாரத்தைத்தான் நம்ப வேண்டும்.

உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குத் தரும் போர்ஃபிமர் சோடியம் என்ற சாய மருந்தின் கணக்கு இது: உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம், 3 முதல் 5 நிமிடத்தில் சிரை வழியாக. மருந்து முதலில் உடம்பெங்கும் பரவுகிறது. பிறகு பல திசுக்கள் அதைக் கழித்துவிட, கட்டியிலும் கல்லீரல், மண்ணீரலிலும் தோலிலும் மட்டும் தங்குகிறது. 40 முதல் 50 மணி நேரம் கழித்து, எண்டோஸ்கோப் வழியே ஒளி கடத்தும் ஃபைபரை இறக்கி 630 நானோமீட்டர் சிவப்பு லேசரைப் பாய்ச்சுகிறார்கள். ஒளி விடும் முனையின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 400 மில்லிவாட் வீதம் 12 நிமிடம் 30 விநாடி; சென்டிமீட்டருக்கு 300 ஜூல்.

இந்த லேசர் சுட்டு அழிப்பதில்லை. சாய மூலக்கூறு ஒளியை விழுங்கி, அந்த ஆற்றலைப் பக்கத்து ஆக்சிஜனிடம் கைமாற்றுகிறது. கிளர்ந்த ஆக்சிஜனின் ஆயுள் சில மைக்ரோவிநாடிதான். பிறந்த இடத்துச் சவ்வையும் புரதத்தையும் சிதைப்பதோடு சரி. கட்டிக்குத் தீனி போடும் நுண்ரத்தக்குழாய்களும் அடைபடுகின்றன. சாயம், ஒளி, ஆக்சிஜன் மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேலை நடக்காது. 1900-இல் மியூனிக்கில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர், அக்ரிடின் சாயத்தில் இருந்த பாரமீசியம் என்ற ஒற்றைச்செல் உயிர்கள் வெளிச்சத்தில் சாவதைக் கண்டு எழுதியதில் தொடங்கிய கதை இது.

பவரைக் கூட்டினால் சீக்கிரம் முடியுமே என்று தோன்றும். ரத்தம் கொண்டுவருவதைவிட வேகமாக ஆக்சிஜன் தீர்ந்துபோனால், அதற்குமேல் பாய்ச்சும் ஒளி வீண். தடித்த கட்டியும் சிக்கல்தான். சிவப்பு ஒளி பயன்படும் அளவில் இறங்குவது அரை முதல் ஒரு சென்டிமீட்டர்வரைதான், அடிப்பகுதி தப்பிவிடும். முனையில் ரத்தம் படிந்தால் அதுவே ஒளியைக் குடித்துவிடும்.

பெரிய தொல்லை அதன்பிறகு. தோலிலும் இதே மூன்றும் கூடுகின்றன, ஒளிக்கு வேலூரில் பஞ்சமே இல்லை. குறைந்தது 30 நாள், சிலருக்கு 90 நாளுக்கும் மேல், நேர் வெயில் பட்டால் தோல் சிவந்து வீங்கிக் கொப்பளிக்கும். சாதாரண சன்ஸ்க்ரீன் உதவாது: அது தடுப்பது புற ஊதாக் கதிரை, சாயத்தைத் தூண்டுவதோ கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம். முழுக்கைச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி, கறுப்புக் கண்ணாடிதான் காப்பு. அதற்காக இருட்டறையில் அடைந்து கிடப்பதும் தவறு. சாதாரண வீட்டு வெளிச்சம் தோலில் மிஞ்சிய சாயத்தை மெல்ல மெல்லச் செயலிழக்க வைக்கிறது.

30 நாள் கழித்து, முகம் தவிர்த்து, தோலின் சிறு பகுதியை மட்டும் 10 நிமிடம் வெயிலில் காட்டிப் பார்க்க வேண்டும். 24 மணி நேரத்தில் ஒன்றும் வராவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரலாம். வந்தால் இன்னும் 2 வாரம் பொறுத்து மறுசோதனை. வெயில் குறைந்த ஊரில் தேறியவரும் கத்திரியில் வேலூருக்கு வந்து இறங்கினால், மறுபடி அதே 10 நிமிடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.