ஆளில்லாமல் ஓடும் ரயில்கள் எதற்காக ஓடுகின்றன?

நகரத்துக்குள் மின்சாரத்தில் ஓடும் இலகு ரயிலுக்குப் புதிய பாதை திறக்கப்படவிருக்கும் ஊர்களில் மக்கள் ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். தண்டவாளம் போட்டாயிற்று, மின்கம்பி இழுத்தாயிற்று, ரயிலும் விளக்கெரிய நாள் முழுக்கக் காலியாகப் போய் வந்துகொண்டிருக்கிறது, பிறகு ஏன் எங்களை ஏற்றிக்கொள்ள மறுக்கிறார்கள்? தோண்டிப்போட்ட சாலைகளையும் தடுப்பு வேலிகளையும் ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொண்டவர்கள் இப்படிக் கேட்பதில் தவறில்லை. இலகு ரயில்களைச் சோதித்துப் பயன்பாட்டுக்கு ஒப்படைக்கும் பணியில் இருக்கும் பொறியாளர் என்ற முறையில் இதற்கு விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். காலி ரயிலின் மீது மக்களுக்கு வரும் சலிப்பு அதிகாரிகள் மீதான அழுத்தமாக மாறுகிறது. அந்த அழுத்தம் கடைசியில் எங்கே வந்து இறங்குகிறது என்பதை வெளியில் இருப்பவர்கள் அறிய வாய்ப்பில்லை. கட்டுமானத்தில் எந்தக் கட்டம் தாமதமானாலும் திறப்பு விழாத் தேதியை மட்டும் யாரும் எளிதில் நகர்த்துவதில்லை. ஆகவே வரிசையில் கடைசியாக நிற்கும் சோதனை நாட்கள்தான் வெட்டப்படுகின்றன.

தொழிற்சாலையை விட்டுப் புறப்படும்போதே ஒரு ரயில் பல சோதனைகளைக் கடந்திருக்கும். மின்காப்பைப் பார்த்திருப்பார்கள், எடை போட்டிருப்பார்கள், கூரை மீதும் கதவு இடுக்குகளிலும் தண்ணீரைப் பீய்ச்சி ஒழுகுகிறதா என்று பார்த்திருப்பார்கள். ஆனால் அது ஓடப்போகும் தடத்தை அது இன்னும் பார்த்ததில்லை. அதனால் நகரத்துத் தடத்தில் முதன்முதலாக ஏறும்போது நடைவேகத்தில்தான் நகர்த்துவோம். பெட்டியின் இரு பக்கங்களிலும் தெர்மாகோல் கட்டைகளைப் பொருத்திவிட்டு, கையில் டார்ச் விளக்குடன் பக்கத்திலேயே நடந்து செல்வோம். நடைமேடை விளிம்பு, மின்கம்பம், சுரங்கச் சுவர் என்று எதையாவது உரசினால் தெர்மாகோலில் கீறல் விழும். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு அளப்போம். வரைபடத்தில் எல்லா இடைவெளிகளும் சரியாகவே இருக்கும். கான்கிரீட் ஊற்றியவர் கை ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் போயிருப்பது அந்தக் கீறலில்தான் தெரியவரும்.

இதற்கு அடுத்து வரும் பிரேக் சோதனைகளுக்கே நான் மிகுந்த நேரம் கேட்பேன். இலகு ரயிலில் பொதுவாக மூன்று வகை பிரேக்குகள் உண்டு. முதலாவது, மோட்டாரையே மின்னாக்கியாக மாற்றி வேகத்தைக் குறைப்பது. இரண்டாவது, சக்கரத்தட்டைப் பிடித்து நிறுத்தும் உராய்வு பிரேக். மூன்றாவது, பெட்டியின் அடியில் தொங்கும் மின்காந்தக் கட்டை. அவசரத்தில் அது கீழிறங்கித் தண்டவாளத்தையே கவ்விப் பிடிக்கும். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மேல் உருள்வதால் பிடிமானம் குறைவு; மழையின் முதல் தூறலிலும் இலையுதிர்காலத்து இலைகள் நசுங்கிப் பசையாகப் படியும்போதும் அது மேலும் குறையும். இதைச் சோதிக்க, முன் சக்கரத்துக்குச் சற்று முன்னால் ஒரு குழாயைப் பொருத்தி, தண்டவாளத்தின் மேல் சோப்புக் கரைசலைத் தெளித்தபடியே ரயிலை வேகமெடுக்க வைத்து, குறித்த கம்பத்தருகே பிரேக்கைப் பிடிப்போம். சக்கரம் வழுக்குவதைக் கணினி உணர்ந்து பிடியைத் தளர்த்தி மறுபடி பிடிக்க வேண்டும். மணல் பெட்டியிலிருந்து மணல் சரியாகச் சக்கரத்தின் அடியில் விழ வேண்டும். மணல் குழாயின் வாய் கொஞ்சம் விலகியிருந்தாலும் மணல் ஓரத்தில் கொட்டிப் பயனில்லாமல் போகும், நிற்கும் தூரம் கூடிவிடும். இதே சோதனையை மணல் மூட்டைகளையோ இரும்புக் கட்டிகளையோ ஏற்றி, நெரிசல் நேரத்து எடையோடும் செய்ய வேண்டும். காலி ரயில் நின்ற இடத்தில் நிறைந்த ரயிலும் நிற்கும் என்று கணக்குப் போட்டுவிட முடியாது.

இதில் பொதுமக்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு ஒன்றும் இருக்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் இலகு ரயில், வழக்கமான பிரேக்கில் வினாடிக்கு வினாடி 1.2 மீட்டர் என்ற அளவில் வேகம் குறைந்தால், நிற்பதற்கு ஏறக்குறைய 80 மீட்டர் எடுத்துக்கொள்ளும். அவசரப் பிரேக்கில் அந்தத் தூரம் பாதியாகலாம். ஆனால் ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு கையை அசைப்பதற்குள் கடந்துவிடும் பதினைந்து மீட்டரையும் அதனுடன் சேர்க்க வேண்டும். அவசரப் பிரேக்கைப் பிடித்தால் உள்ளே நின்றுகொண்டு பயணம் செய்பவர்கள் விழுந்து அடிபடுவார்கள் என்பதும் ஓட்டுநரின் மனதில் இருக்கும். காரைப்போல் ஒதுங்கிச் செல்லவும் அதற்கு வழியில்லை.

கதவுகளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. என் அனுபவத்தில் திறப்பு விழாவுக்குப் பிந்தைய வாரங்களில் ஒரு பாதையை நிலைகுலைய வைப்பது பெரும்பாலும் கதவுதான். கதவுக்கு இடையில் 30 மில்லிமீட்டருக்கு 60 மில்லிமீட்டர் அளவுள்ள கட்டையை வைத்து, அதை உணர்ந்து கதவு மறுபடி திறக்கிறதா என்று பார்ப்பது ஐரோப்பிய நெறிமுறை. கட்டை தடிமனானது, அது பிடிபட்டுவிடும். ஒரு பையின் பட்டையோ கழுத்துத் துண்டின் நுனியோ சிக்கினால் என்னாகும் என்பதைத் தனியாகச் சோதிக்க வேண்டியிருக்கிறது. மெல்லிய பட்டையைக் கதவின் ரப்பர் விளிம்பில் மேலே, நடுவே, கீழே என்று மாற்றி மாற்றிச் சிக்கவைத்து இழுத்துப் பார்ப்போம். அதே கதவை ஒரே நாளில் பல நூறு முறை திறந்து மூடுவோம். குளிர்காலக் கையுறை அணிந்த கையால் பொத்தானை அழுத்திப் பார்ப்போம். பார்ப்பவருக்கு இது விளையாட்டாகத் தோன்றலாம். நிறைந்த ரயிலில் பயணி ஒருவர் மூடும் கதவைப் பிடித்து நிறுத்தும்போது அந்தக் கதவு எப்படி நடந்துகொள்ளும் என்பதை இப்படித்தான் அறிய முடியும்.

தனித்தனி ரயில்கள் தேறிய பிறகுதான் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் கட்டம் வருகிறது. பல ரயில்கள் ஒரே நேரத்தில் புறப்படும்போது துணைமின் நிலையம் தாங்குகிறதா, சுரங்கத்தில் ரேடியோ கேட்கிறதா, பழுதாகி நின்ற ரயிலை மற்றொரு ரயில் தள்ளிச் செல்ல முடிகிறதா, சிக்னல் கணினியும் ரயில் கணினியும் ஒன்றையொன்று சரியாகப் புரிந்துகொள்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கடைசியாக, பயணிகள் இல்லை என்பதைத் தவிர மற்ற எல்லாம் திறப்புக்குப் பின் இருப்பதுபோலவே, முழுக் கால அட்டவணைப்படி நாள் கணக்கில் ஓட்டிப் பார்க்கும் ஒத்திகை நடக்கும். மக்கள் பார்ப்பதும் சலித்துக்கொள்வதும் பெரும்பாலும் இந்த ஒத்திகையைத்தான்.

இந்த ஒத்திகையை அவசரப்படுத்தினால் என்ன நேரும் என்பதற்குக் கனடாவின் தலைநகரான ஒட்டாவாவைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அங்கே கான்ஃபெடரேஷன் என்ற இலகு ரயில் பாதை திறக்கப்பட்டபோது 12.5 கிலோமீட்டர் நீளமும் 13 நிலையங்களும் கொண்டிருந்தது; நகரின் நடுவே சுரங்கத்தில் செல்கிறது. அல்ஸ்டாம் நிறுவனத்தின் சிட்டாடிஸ் ஸ்பிரிட் வகை ரயில்கள் 34 வாங்கப்பட்டன. 2016 ஜூன் மாதம் ரிடோ வீதியில் பெரிய பள்ளம் விழுந்து சுரங்கப் பணி தடைப்பட்டது. 2018 மே மாதம் ஒப்படைக்கப்பட வேண்டிய பாதை பலமுறை தவணை தவறியது. தடம் தாமதமானதால் ரயில்களை அந்தத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் காலமும் சுருங்கியது. முதல் ரயில்களைச் சோதித்துக் குறைகளைத் திருத்திவிட்டு மற்றவற்றைக் கட்டுவதற்குப் பதிலாக, சோதனையும் உற்பத்தியும் ஒன்றன்மேல் ஒன்றாக நடந்தன. கட்டி முடித்த ரயில்களைத் திரும்பத் திரும்பப் பிரித்துத் திருத்த வேண்டியதாயிற்று. எங்கள் தொழிலில் இதைவிட ஆயாசம் தருவது வேறில்லை, ஏனென்றால் எந்த ரயிலில் எந்தத் திருத்தம் முடிந்தது என்ற கணக்கே ஒரு தனி வேலையாகிவிடும்.

ஒத்திகை ஓட்டம் 2019 ஜூலை இறுதியில் தொடங்கியது. அட்டவணைப்படி ரயில்கள் ஓட வேண்டிய மொத்தக் கிலோமீட்டரில் சராசரியாக 98 சதவீதத்தைப் 12 நாட்களுக்கு எட்ட வேண்டும் என்பது அப்போது ஒப்புக்கொள்ளப்பட்டிருந்த அளவுகோல். தொடக்க நாட்களில் ரயில்கள் அதை எட்டவில்லை. அப்போது ஓட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, 2017-ல் எழுதப்பட்டிருந்த தளர்வான அளவுகோலுக்குத் திரும்பினார்கள்: 12 நாட்களில் 9 நாட்கள் 96 சதவீதத்தை எட்டினால் போதும் என்றானது. காலை நெரிசல் நேரத்தில் ஓட வேண்டிய ரயில்களின் எண்ணிக்கையும் 15-லிருந்து 13 ஆகக் குறைக்கப்பட்டது. ஆகஸ்ட் 22 அன்று ஒத்திகை தேறியதாக முடிந்தது, செப்டம்பர் 14 அன்று பாதை திறக்கப்பட்டது.

பிறகு நடந்தவை எல்லோரும் அறிந்தவை. அக்டோபர் முதல் வாரத்தில் ரயிலுக்கு இணையாக ஓடிக்கொண்டிருந்த பேருந்துகள் நிறுத்தப்பட்டு மொத்தக் கூட்டமும் ரயிலுக்கு வந்து சேர்ந்தது. அதே வாரத்தில் ஒரு கதவுக் கோளாறு காலை நேரப் போக்குவரத்தையே முடக்கி, நடைமேடைகளில் ஆயிரக்கணக்கானவர்களை நிற்கவைத்தது. குளிர்காலத்தில் சக்கரங்கள் தேய்ந்து தட்டையாயின, உப்பும் பனியும் கலந்து கூரை மேலிருந்த மின் பாகங்களைப் பழுதாக்கின. 2021 ஆகஸ்ட் 8 அன்று அச்சின் பேரிங் சிதைந்து ஒரு ரயில் தடம் புரண்டது. செப்டம்பர் 19 அன்று, பயணிகளோடு ட்ரெம்ப்ளே நிலையத்தை விட்டுக் கிளம்பிய மற்றொரு ரயில், தடம் விட்டு இறங்கிய நிலையிலேயே பாலத்தைக் கடந்து சென்றது. முந்தைய விபத்துக்குப் பின் செய்த பராமரிப்பில் கியர்பாக்ஸின் போல்ட்டுகள் சரியாக முறுக்கப்படாமல் விடப்பட்டிருந்தன. நல்வாய்ப்பாக யாருக்கும் காயம் ஏற்படவில்லை. பாதை 54 நாட்கள் மூடப்பட்டது.

நீதிபதி வில்லியம் ஹூரிகன் தலைமையிலான பொது விசாரணை ஆணையம் 2022 நவம்பரில் தன் அறிக்கையை வெளியிட்டது. தடம்புரண்ட இரண்டு விபத்துகளையும் ஒத்திகையின் தளர்வு நேரடியாக உண்டாக்கியது என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தொழில்நுட்பக் காரணம் உண்டு. ஆனால் அறிக்கையைப் படிக்கும் எந்தச் சோதனைப் பொறியாளரும் நிறுத்தி நிதானிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. பாதையைக் கட்டிய நிறுவனங்களின் கூட்டமைப்பு நம்பத்தகாதவை என்று தெரிந்தே தேதிகளைக் கொடுத்துவந்தது. ஒத்திகையின் அளவுகோல் மாற்றப்பட்டதையும் தொடக்கத் தோல்விகளையும் நகர மன்ற உறுப்பினர்களிடமிருந்து மூத்த அதிகாரிகள் மறைத்தார்கள். இவ்விரண்டையும் பொதுமக்களின் நம்பிக்கைக்கு இழைத்த மோசமான துரோகமாக ஆணையம் பார்த்தது. முழு அளவில் ஒரே நாளில் தொடங்காமல், படிப்படியாகச் சேவையைத் தொடங்குவதை எதிர்காலத் திட்டங்களுக்கு அது பரிந்துரைத்தது.

நான் பணிபுரிந்த ஒரு திட்டத்திலும் வாராந்திரக் கூட்டங்களில் இதே காற்று வீசியது. கோளாறுகளின் பட்டியலை வைத்தால், எத்தனை கோளாறுகள் இன்னும் தீர்க்கப்படாமல் இருக்கின்றன என்று கேட்பார்களே தவிர, அவற்றில் எவை பயணியைத் தொடும் என்று கேட்க மாட்டார்கள். பட்டியல் சுருங்க வேண்டும் என்ற அவசரத்தில் ஒரே கோளாறு 'கண்காணிப்பில் உள்ளது' என்ற புதுப் பெயரோடு வேறு பட்டியலுக்குப் போய்விடும். ஒத்திகையில் ரயில் பழுதாகி நின்றால் எங்களில் பலருக்கு உள்ளூர நிம்மதிதான், ஏனென்றால் அந்தப் பழுது வெளிப்பட அதைவிடப் பாதுகாப்பான நேரம் கிடைக்காது. ஆனால் மறுநாள் செய்தியில் 'திறப்புக்கு முன்பே பழுதான ரயில்' என்று வரும்போது, அடுத்த பழுதை வெளியில் சொல்லத் தயங்கும் மனநிலை மேலிடத்தில் உருவாகிவிடுகிறது. மக்கள் இதை உணர்ந்தால் நிலைமை மாறும் என்று உண்மையாகவே நம்புகிறேன். வெள்ளோட்டத்தில் பழுது கண்டுபிடிக்கப்பட்டது என்ற செய்தி நல்ல செய்தி. பழுதே இல்லாத வெள்ளோட்டம் என்று யாராவது சொன்னால் அப்போதுதான் கவலைப்பட வேண்டும்.

டொராண்டோவின் எக்ளிண்டன் பாதையை நம்மவர்கள் பலர் நன்கு அறிவார்கள். அதன் கிழக்கு முனை தமிழர்கள் நிறைந்து வாழும் ஸ்கார்பரோவில், கென்னடி நிலையத்தில் இருக்கிறது. 2011-ல் வேலை தொடங்கி, 2020-ல் திறப்பதாகச் சொல்லி, தள்ளிக்கொண்டே போன அந்தப் பாதை சம்பாதித்த கோபம் கொஞ்சமல்ல. ஆனாலும் பயணிகள் இல்லாமல் 30 நாட்கள் முழு அட்டவணையை ஓட்டிக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை அங்கே வைக்கப்பட்டிருந்தது. பத்தாண்டுக்கு மேல் காத்திருந்தவர்களிடம் இன்னும் 30 நாள் என்று சொல்வது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எந்த ஊரிலும் அப்படிப்பட்ட ஒத்திகை நாட்களைக் குறைக்கச் சொல்லிக் கேட்க வேண்டாம் என்றே நான் வேண்டுவேன்.

அதற்குப் பதிலாக உங்கள் நகர மன்ற உறுப்பினரிடம் கேட்கக்கூடிய கேள்விகள் இருக்கின்றன. ஒத்திகையில் தேறுவதற்கான அளவுகோல் என்ன, அது ஒத்திகை தொடங்கும் முன்பே எழுதி வெளியிடப்பட்டதா, இடையில் மாற்றினால் யாருடைய ஒப்புதல் வேண்டும், நெரிசல் நேரத்துக்குத் தேவையான எல்லா ரயில்களும் ஓடினவா, பனியிலும் மழையிலும் ஓட்டிப் பார்த்தார்களா, திறந்த பிறகு பேருந்துகளை எத்தனை வாரம் வைத்திருப்பார்கள் என்று கேளுங்கள். எப்போது திறப்பீர்கள் என்ற கேள்விக்கு வாய்ப்பேச்சாக எதையும் சொல்லிவிடலாம். இந்தக் கேள்விகளுக்கு ஆவணங்களைக் கொண்டுதான் பதில் சொல்ல முடியும்.

சாலையில் ஓடும் பகுதிகளுக்கு அருகில் வசிப்பவர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். சோதனை ரயிலுக்குக் கால அட்டவணை கிடையாது. நள்ளிரவிலும் விடியற்காலையிலும் வரும், எதிர்பாராத திசையிலிருந்து வரும், நின்றது மறுபடி சட்டென்று கிளம்பும். ஓட்டுநரே பயிற்சியில் இருக்கலாம். மின்சார ரயில் என்பதால் சத்தமும் குறைவு; காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு தடத்தைக் கடப்பவருக்கு அது வருவதே தெரியாது. மேலே செல்லும் கம்பியில் ரயில் இல்லாத நேரத்திலும் மின்சாரம் இருக்கும். ஏணியோ நீளமான கம்பியோ கொண்டு அதன் அருகே போகக் கூடாது. இத்தனை ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்த தடத்தில் நடந்து பழகிய குழந்தைகளுக்கு, இப்போது அதில் ரயில் வருகிறது என்பதை அருகில் அழைத்துச் சென்று காட்டிச் சொல்லிக்கொடுங்கள். கடக்க வேண்டிய இடத்தையும் சிக்னல் விளக்கையும் அங்கேயே காட்டிவிடுங்கள்.