ஓசுவும் 'ஆன்மிகப் பாணி'யும்

ஓசு படங்களைப் பற்றிய கட்டுரை என்றால் இரண்டாவது பத்திக்குள் 'ஆன்மிகப் பாணி' வந்து உட்கார்ந்துவிடுகிறது. 'ட்ரான்சென்டென்டல் ஸ்டைல்' என்பதற்குத் தமிழாம். ஜப்பானின் யசுஜிரோ ஓசு, பிரான்சின் ராபர்ட் ப்ரெஸ்ஸான், டென்மார்க்கின் கார்ல் டிரையர் ஆகிய இயக்குநர்கள் மூவரையும் பற்றி அமெரிக்கத் திரை விமர்சகர் பால் ஷ்ரேடர் 1972-இல் எழுதிய புத்தகத்தால் பரவிய சொல். லத்தீன் வேருக்கு 'ஏறிக் கடப்பது' என்று பொருள். வேர்க்கதை அவ்வளவுதான்.

ஆன்மிகம் என்றதும் நமக்கு என்ன தோன்றும்? கற்பூரம், குருப்பெயர்ச்சி, கோயில் உலா இணைப்பிதழ். அந்தச் சொல்லை ஓசு தலையில் கட்டினால் அவர் பக்திப் படம் எடுத்தவர் ஆகிவிடுவார். அவர் எடுத்ததோ பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லையே என்று கவலைப்படும் அப்பாக்களை. ஷ்ரேடர் பேசியது கதையை அல்ல, காட்டும் விதத்தை. பாயில் உட்கார்ந்தவர் உயரத்துக்கு இறக்கிவைத்த, பெரும்பாலும் அசையாத கேமரா. அளந்து நடிக்கும் முகங்கள். 1949-இல் வந்த 'பின்வசந்தம்' படத்தில், கியோட்டோ விடுதியில் அப்பா தூங்கிவிடுகிறார். பக்கத்தில் படுத்திருக்கும் மகள் லேசாகச் சிரிக்கிறாள். சட்டென்று ஒரு ஜாடி, அதன் பின்னே காகிதத் திரையில் செடியின் நிழல். மறுபடி அவள் முகம்: அழுகை முட்டி நிற்கிறது. திரும்பவும் ஜாடி. சாமியும் இல்லை, சாம்பிராணியும் இல்லை. ஆன்மிகப் படம்தான் வேண்டுமென்றால் 1956-இல் செங்கடலைப் பிளந்து காட்டிய 'பத்துக் கட்டளைகள்' இருக்கிறது. ஷ்ரேடர் சொல்லும் பாணிக்கு அந்தப் பிரம்மாண்டம் நேர் எதிர்.

சிலர் 'ஆழ்நிலைப் பாணி' என்கிறார்கள். 'ட்ரான்சென்டென்டல் மெடிடேஷன்' தமிழில் 'ஆழ்நிலை தியானம்' ஆன பழைய விளம்பரத்திலிருந்து கத்தரித்தது. மூலச்சொல் ஏறுகிறது, இவர்கள் இறங்குகிறார்கள்! அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகும் மொழிபெயர்ப்பாளர்கள், ஓசுவின் படத்தை ஒருமுறையாவது பார்க்கக் கூடாதா?

'கட' என்ற வேர் பொருத்தம்தான். ஆனால் 'கடந்தநிலை' என்றால் கடந்த மாதம் நினைவுக்கு வருகிறது. 'கடத்தல்' விமான நிலையத் தங்கத்துக்குப் போய்விட்டது. மாணிக்கவாசகர் 'அப்பாலைக் கப்பாலை' என்று பாடினார். அதை அப்படியே எடுத்தால் இன்றைய வாசகர் 'அந்தப் பாலை' என்று படித்து, டம்ளரைத் தேடுவார். ஆகவே 'அப்பால்நிலைப் பாணி' என்பேன். நீளம் என்பவர்கள் ட்ரான்சென்டென்டல் என்றே எழுதட்டும், அதில் தப்பில்லை.