மைக் திறந்தால் காது அடைக்கும்

சிங்கப்பூரின் ஈசூனில் வாய்ப்பாட்டு சொல்லித்தரும் ஓர் அக்கா போன மாதம் கூப்பிட்டார். "தம்பி, இது மூணாவது ஹெட்போன். சும்மா பாட்டு கேட்டா அருமையா இருக்கு. ஆன்லைன் வகுப்பை ஆரம்பிச்சா தகர டப்பாவுக்குள்ள இருந்து தம்புரா கேக்குது."

வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் பார்ப்பது என் தொழில். ஆனால் இதற்கு ஈசூன் வரை போகவே தேவைப்படவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன்: "பேசறதும் அதே புளூடூத் ஹெட்போன் மைக்லதானாக்கா?" ஆமாம் என்றார். அங்கேதான் கோளாறு.

புளூடூத் ஹெட்போனும் கம்ப்யூட்டரும் இரண்டு விதமாக இணைகின்றன. பாட்டு கேட்கும்போது ஏ2டிபி என்ற வழி. இதில் ஒலி கம்ப்யூட்டரிலிருந்து ஹெட்போனுக்கு மட்டும் வரும், திரும்பிப் போகாது. ஸ்டீரியோ, தரமும் நன்றாக இருக்கும். ஹெட்போனின் மைக்கை ஏதாவது ஒரு செயலி திறந்துவிட்டால், இணைப்பு ஹேண்ட்ஸ்ஃப்ரீ என்ற பழைய வழிக்குத் தாவிவிடும். குரல் போகவும் வேண்டும், வரவும் வேண்டும், இடமோ குறைவு. அதனால் இரண்டு காதுக்கும் ஒரே ஒலி, அதுவும் நொடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகளாக (ஒலியைத் துளித் துளியாக அளந்தெடுத்தவை) சுருங்கி வரும். குறுந்தட்டில் இது 44,100. மாதிரி எண்ணிக்கையில் பாதி அளவு அதிர்வெண்வரைதான் காதுக்கு எட்டும் என்பது கணக்கு. அப்படியானால் 4,000 ஹெர்ட்ஸ், மிஞ்சினால் 8,000 ஹெர்ட்ஸ். பேச்சுக்கு இது போதும். தம்புராவுக்கு எப்படிப் போதும்? தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவாளி நூல் கிளப்பும் அந்த ரீங்காரத்தின் மேல்பகுதியெல்லாம் அறுந்து போய்விடும். சாதாரண ஆள் 'கொஞ்சம் மந்தமா இருக்கு' என்று விட்டுவிடுவார். பாட்டு டீச்சர் காது விடுமா?

மருந்துக்குச் செலவே இல்லை. ஹெட்போனைக் கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பேச மடிக்கணினியின் மைக்கைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸின் ஒலி அமைப்பில் ஓர் இடம், வகுப்பு நடக்கும் செயலிக்குள் இன்னோர் இடம். இரண்டிலும் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு 'சரியாகலையே' என்று என்னிடம் வருபவர்கள் நிறைய. விண்டோஸ் 10ல் ஒரே ஹெட்போன் ஸ்டீரியோ என்றும் ஹேண்ட்ஸ்ஃப்ரீ என்றும் இரண்டு பெயரில் தெரியும். ஸ்டீரியோவைத்தான் பிடிக்க வேண்டும். மேக்கிலும் இதே கூத்துதான். பாட்டு கேட்கும்போதே ஒலி மந்தமானால், பின்னணியில் ஏதோ ஓர் அரட்டைச் செயலியோ விளையாட்டோ மைக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று திரையின் ஓரத்து மைக் குறியைப் பாருங்கள். எல்இ ஆடியோ என்ற புதிய முறை வந்திருக்கிறது. அதில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் ஹெட்போன், கம்ப்யூட்டர் இரண்டும் அதற்கு ஒத்துவர வேண்டும்.

அக்காவுக்கு இன்னொரு புகாரும் இருந்தது: மாணவர்களுக்கு தம்புரா விட்டு விட்டுக் கேட்கிறதாம். அது வேறு கதை. வீடியோ செயலிகள் இரைச்சலை வடிகட்டுகின்றன. மின்விசிறிச் சத்தமும் தம்புராவும் அவற்றுக்கு ஒன்றுதான், இரண்டும் நிற்காமல் ஒலிப்பவை! ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்பதை இயக்கச் சொன்னேன், தீர்ந்தது.

கம்பி வைத்த ஹெட்போனில் என்னிடம் அதிகம் வரும் புகார், 'இசை கேட்குது, பாடகர் குரல் மட்டும் காணோம்' என்பது. கேட்பவருக்குப் பேய் வேலை போலத் தோன்றும். பிளக் முழுதாக உள்ளே போகாமல், இரண்டு காதுக்கும் பொதுவான கம்பியின் தொடர்பு விட்டுப்போனால், இடது வலது ஒலிகளின் வித்தியாசம் மட்டுமே காதுக்கு வரும். குரல் பெரும்பாலும் இரண்டிலும் சமமாக இருப்பதால் ஒன்றையொன்று அடித்துவிடும். அழுத்திச் செருகுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தின் ஆண்டு சராசரி 80 சதவீதத்துக்கு மேல், பிளக் கறுத்துப் போவது சகஜம். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் பிளக்கைத் துடைத்து, காய்ந்த பிறகு செருகலாம். காதுக்குள் வைக்கும் வகை என்றால் வலையில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு பக்கம் சத்தம் குறைவதற்குப் பாதி நேரம் அதுதான் காரணம்.

ஹம்மென்று இரைச்சலா? சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பேட்டரியில் ஓடும்போது நின்றுவிட்டால் குற்றம் ஹெட்போனில் இல்லை. யூஎஸ்பியில் செருகும் சிறிய ஒலி அடாப்டர் ஒன்று பெரும்பாலும் தீர்த்துவிடும், 20 வெள்ளிக்குள்ளேயே கிடைக்கிறது.

புளூடூத் விட்டு விட்டு வந்தால் வைஃபையையும் சந்தேகப்படுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கில் மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு என்று எல்லோருடைய ரௌட்டரும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மோதுகின்றன, புளூடூத்தும் அதே அலைவரிசையில்தான். கம்ப்யூட்டரை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றினால் பெரும்பாலும் குறையும். யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் பக்கத்தில் இருந்தாலும் இதே தொல்லை வரும், தள்ளி வையுங்கள்.

அழைப்பு வந்ததும் பாட்டு தானாக அடங்குகிறதே என்று பலர் பயப்படுகிறார்கள். அழைப்பின்போது மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைப்பது விண்டோஸே செய்து வைத்திருக்கும் ஏற்பாடு. வேண்டாமென்றால் நிறுத்திவிடலாம்.

இடையில் ஒரு பெருமை: கம்ப்யூட்டரை உலகம் முழுக்கப் பாட வைத்த சவுண்ட் பிளாஸ்டர் அட்டை, 1989ல் நம் ஊர் கிரியேட்டிவ் நிறுவனம் கொண்டுவந்தது. அந்த நிறுவனம் 1981ல் சைனாடவுன் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையாகத்தான் தொடங்கியது. என் தொழில்!

உண்மையிலேயே ஹெட்போன்தான் பழுது என்றால்? அதே ஹெட்போனை ஃபோனில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் ஒரு பக்கம் செத்திருந்தால் ரசீதைத் தேடுங்கள். 2012 செப்டம்பர் முதல் இங்கே 'லெமன் சட்டம்' இருக்கிறது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்தது என்றுதான் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பொறுப்பு. முதலில் பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ கேட்கலாம். தரம் சரியில்லை என்று சத்தத்தை ஏற்றி ஏற்றிக் கேட்பதை மட்டும் செய்யாதீர்கள். 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது பெரியவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை.

அக்காவின் முதல் இரண்டு ஹெட்போன்கள் என்ன ஆயின என்று கேட்டேன். ஒன்று அலமாரியில் கிடக்கிறதாம். இன்னொன்றை மகன் எடுத்துக்கொண்டு, "அம்மா, இது நல்லாத்தானே இருக்கு" என்கிறானாம்.