அட்டாச்மென்ட்: பாசமா, பிணைப்பா?

அட்டாச்மென்ட்டைத் தமிழில் எப்படிச் சொல்வது? முளையடித்துக் கட்டுவது என்ற பொருளில் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் அது. வேலூர் கோர்ட்டில் அட்டாச்மென்ட் என்றால் ஜப்தி. குழந்தை வளர்ச்சியில் இதற்குத் தனிப்பொருள் தந்தவர் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி (1907–1990). பயமோ வலியோ வந்தால் குறிப்பிட்ட ஓர் ஆளிடம் குழந்தை ஓடுவதும், அங்கே தணிந்ததும் திரும்ப விளையாடப் போவதும் சேர்ந்ததே இது.

ஆகவே ‘பாசம்’ பொருந்தாது. பாசம் என்பது பெற்றவர் மனசில் இருப்பது, இதுவோ குழந்தை செய்வது. ‘பற்று’ என்றாலே துறவுதான் நினைவுக்கு வருகிறது. எழுத்துக்குப் பிணைப்பு, பேச்சுக்கு ஒட்டுதல். ஓடிப்போய் ஒண்டுகிற அந்த ஆளுக்குப் ‘பற்றுக்கோடு’ என்ற அருமையான பழஞ்சொல் இருக்கிறது. 7, 8 மாதத்தில் ‘வேத்துமுகம் தெரியுது’ என்கிறோமே, பிணைப்பு ஆள் பார்த்து நிலைகொள்வதன் அடையாளம் அது. மந்திரிக்கத் தேவையில்லை.

உளவியலாளர் மேரி எயின்ஸ்வொர்த் 1 வயதையொட்டிய குழந்தைகளைச் சோதித்தார். பழக்கமில்லாத அறை, பொம்மைகள், ஓர் அந்நியர். தாய் 3 நிமிடம் வெளியே போய்த் திரும்புவார். பிரியும்போது அழுததைவிட, திரும்பியதும் என்ன செய்தது என்பதே கணக்கு. ஓடிவந்து தேறினால் உறுதியான பிணைப்பு. சில குழந்தை கட்டிக்கொண்டே உதைக்கும். சில குழந்தை திரும்பியே பார்க்காது, ஆனால் நாடித்துடிப்பு எகிறியிருக்கும். அதைத்தான் ‘சமத்து, யார்கிட்டயும் இருக்கும்’ என்று மெச்சுகிறோம்!

பற்றுக்கோடே பயத்தின் காரணமானால் வருவது பிணைப்புக் காயம் (அட்டாச்மென்ட் ட்ராமா). அடி, குடிச் சண்டை, ஓயாத மிரட்டல் உள்ள வீடுகளில் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டே கிட்ட வரும், பாதியில் உறைந்து நிற்கும். பெரியவர் தணித்துத் தணித்துத்தான் தானே தணியும் திறன் வளர்கிறது. அது கிடைக்காத பிள்ளைக்குப் பிறகு கோபம் அடங்காது, பாடத்தில் கவனம் நிற்காது. தணிக்க நிலையான ஆள் இல்லாத ரொமேனிய அநாதைக் காப்பகங்களிலிருந்து 2 வயதுக்குள் வளர்ப்புக் குடும்பத்துக்குப் போன குழந்தைகள், அதற்குப் பிறகு போனவர்களைவிட நன்றாகத் தேறினார்கள்.

ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு அம்மா போவதால் பிணைப்பு கெடாது. பகலில் பார்த்துக்கொள்வது ஒரே ஆயாவாக (வேலூர்ப் பக்கம் ஆயா என்றால் பாட்டி) இருந்தால் அவரிடமும் ஒட்டும். ஆள் மாறிக்கொண்டே இருப்பதும், குழந்தை தூங்கும்போது அம்மா நழுவுவதும்தான் கெடுதல். அழுதாலும் பரவாயில்லை, ‘வேலைக்குப் போயிட்டு சாயங்காலம் வர்றேன்’ என்று முகம் பார்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்பவேண்டும். வந்ததும் முதல் 10 நிமிடம் செல்போனும் அடுப்பும் காத்திருக்கட்டும்.