விமி மேட்டின் பெயர்களைத் தண்ணீர் மறைத்த கதை

கையில் கனடாவின் இருபது டொலர் தாள் ஒன்று இருந்தால் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். இரண்டு வெள்ளைத் தூண்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். வடக்குப் பிரான்சில், விமி என்ற மேட்டின் உச்சியில் இருக்கும் கனடியப் போர் நினைவுச் சின்னம் அது. போரில் இறந்தவர்களை நினைக்கும் நாளான நவம்பர் 11, அன்று நெஞ்சில் குத்தும் பொப்பிப் பூ, விமி என்ற பெயர் எல்லாம் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் வழியாக எங்கள் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டன. அந்தக் கல் ஒரு காலத்தில் சிதையத் தொடங்கியிருந்தது என்பதும், அதை எப்படிக் காப்பாற்றினார்கள் என்பதும் தெரிந்தவர்கள் குறைவு.

கட்டடங்களுக்குள் தண்ணீர் எந்த வழியால் போகிறது என்று கண்டுபிடிப்பது என் தொழில். பல்கனி, செங்கல் சுவர், சில வேளைகளில் சிறிய ஊர்களில் நிற்கும் போர் நினைவுத் தூண்கள். விமியின் படத்தைப் பார்த்தால் என் கண் நேரே கல்லும் கல்லும் சேரும் பொருத்துகளுக்குத்தான் போகும்.

முதலாம் உலகப் போர் நடந்த காலம். 1917 ஏப்ரல் 9, ஈஸ்டர் திங்கள். ஆலங்கட்டியும் பனியும் முகத்தில் அடித்த விடியற்காலையில் கனடியப் படையின் நான்கு பெரும் பிரிவுகளும் (டிவிஷன்கள்) முதல் தடவையாக ஒன்றாக இறங்கின. நான்கு நாட்களில் ஜெர்மன் படையிடமிருந்து மேடு கைக்கு வந்தது. 3,598 கனடியர்கள் இறந்தார்கள். 1922இல் பிரான்ஸ் அந்த நிலத்தைக் கனடாவின் பாவனைக்கென்று நிரந்தரமாகக் கொடுத்தது. நினைவுச் சின்னத்தை வடிவமைத்தவர் ரொறன்ரோவில் பிறந்த சிற்பி வால்ட்டர் அல்வார்ட். மேட்டின் ஆக உயர்ந்த இடத்துக்கு இராணுவ வரைபடத்தில் 145ஆம் குன்று என்று பெயர்; அங்கேதான் கட்டினார்கள். 1936 யூலை 26இல் எட்டாம் எட்வேர்ட் மன்னர் திறந்து வைத்தார்.

அல்வார்ட் கல்லுக்காக ஐரோப்பா முழுவதும் தேடினார். கடைசியில் இன்றைய குரோவேசியாவில், ஸ்பிளிட் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள செகெட் என்ற இடத்தின் சுண்ணாம்புக் கல்லைத் தெரிவு செய்தார். ரோமப் பேரரசன் டயோக்ளீஷியனின் மாளிகை பதினாறு நூற்றாண்டுகளுக்கு மேலாக அந்தக் கடற்கரையில் நிற்பதைப் பார்த்த நம்பிக்கை. தெரிவில் பிழையில்லை. ஆனால் ஏட்ரியாட்டிக் கடலோரத்து வெயில் வேறு, குளிர்காலம் முழுவதும் நனைந்தும் உறைந்தும் கிடக்கும் விமி மேடு வேறு. அத்தோடு, சுமார் 11,000 தொன் கொங்கிரீட்டின்மேல் 6,000 தொன் கல்லை இறுக்கமாகப் பொருத்தினார்கள். வெயிலிலும் குளிரிலும் கல் விரிந்து சுருங்க இடைவெளி வைக்கவில்லை. பொருத்துகள் திறந்துகொண்டன, மழை உள்ளே போனது.

உள்ளே போன தண்ணீர் இரண்டு வேலை செய்யும். உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடும். அந்த நெருக்கத்தில் கல்லின் முகம் வெடிக்கும். உறையாத நாட்களில் கொங்கிரீட்டிலும் சாந்திலும் இருக்கும் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வரும். காற்றுப் பட்டதும் அது வெள்ளைப் படிவாக இறுகிவிடும்.

விமியில் அந்தப் படிவு பெயர்களின்மேல் படிந்தது. பிரான்சில் இறந்து, கல்லறை எதுவென்று தெரியாமல் போன 11,285 கனடிய வீரர்களின் பெயர்கள் அந்தச் சுவர்களில் இருக்கின்றன. அல்வார்ட் அவற்றைத் தனித்தனிக் கட்டங்களுக்குள் அடைக்கவில்லை. கல்லின் பொருத்துகளையும் தாண்டி, ஒரே நாடாவைப்போல ஓடும்படி செதுக்க வைத்தார். யாரையும் யாரிடமிருந்தும் கோடு போட்டுப் பிரிக்காத அந்த யோசனை என்னை இன்றும் உலுக்குகிறது. ஆனால் தண்ணீர் முதலில் வெளிவருவது பொருத்து வழியாகத்தான். அதனால் பல பெயர்கள் வாசிக்க முடியாமல் போயின. உடலும் கிடைக்காத ஒரு பிள்ளைக்கு மிஞ்சியது அந்த எழுத்துகள் மட்டும்தானே.

2000களின் தொடக்கத்தில் கனடிய அரசு பெரிய புனரமைப்பைத் தொடங்கியது. தளக் கற்களைக் கழற்றி, தண்ணீர் இறங்காத படலம் போட்டு, வடிகாலைச் சரிசெய்து, கல் அசைய இடம் விட்டார்கள். புதிய கல்லை அதே செகெட்டிலிருந்து எடுத்தார்கள். சேதமான பெயர்களை அல்வார்டின் எழுத்து வடிவத்திலேயே மறுபடி செதுக்கினார்கள். 2007 ஏப்ரல் 9இல், போரின் தொண்ணூறாவது ஆண்டு நாளில், எலிசபெத் மகாராணி மீண்டும் அர்ப்பணித்தார். படலம், வடிகால் போன்ற வேலையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடந்தது. அதைத்தான் சரியான வேலை என்பேன்.

சுற்றியுள்ள நிலமும் பாதுகாக்கப்படும் மரபுதான். வெடிக்காத குண்டுகள் இன்னும் மண்ணுக்குள் கிடப்பதால் மூடிய பகுதிகளில் புல்லை இயந்திரம் வெட்டுவதில்லை, செம்மறியாடுகள் மேய்கின்றன. பிள்ளைகளோடு போகிறவர்கள் வேலியைத் தாண்டவே கூடாது.

இனி எங்கள் பக்கத்துத் தூண்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு சிறிய ஊர் என்னைக் கூப்பிட்டது. நினைவு நாளுக்குமுன் தூணை அழகாக்க வேண்டும் என்று நல்ல மனதோடு அமுக்கத் தண்ணீர் அடித்து, சுண்ணாம்புச் சாந்து இருந்த பொருத்துகளைக் கடும் சீமெந்தால் நிரப்பி, மேலே பளபளக்கும் பூச்சும் பூசியிருந்தார்கள். நவம்பரில் தூண் புதிதுபோல நின்றிருக்கிறது. இரண்டு குளிர்காலம் கழித்து நான் போனபோது முகக் கல் செதில் செதிலாக விழுந்து கிடந்தது, நான்கு பெயர்களோடு. உள்ளே போன ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. ஊரில் கோவில் கற்றூணுக்கு எனாமல் பெயின்ற் அடிக்கிறார்களே, அங்கேயும் நடப்பது இதுதான்.

போர் நினைவுச் சின்னத்தைச் சேதப்படுத்துகிறவருக்குக் கனடாவில் 2014 முதல் தனிச் சட்டப் பிரிவு இருக்கிறது. முதல் குற்றத்துக்கே குறைந்தது 1,000 டொலர் தண்டம். நல்ல மனதோடு செய்யும் தவறான பராமரிப்பை அது தடுக்காது. கம்பித் தூரிகை, அமிலம், சிலிக்கன் பூச்சு மூன்றையும் கல்லுக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். பாசி பிடித்திருந்தால் வெறும் தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும், அதையும் பொறுப்பானவர்களைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். திருத்த வேலைக்குப் படைவீரர் விவகாரத் திணைக்களத்தின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்.

அடுத்த மழை விட்டு அடுத்த நாள் உங்கள் ஊர்த் தூணைப் போய்ப் பாருங்கள். மற்றக் கல்லெல்லாம் காய்ந்த பிறகும் எந்தப் பொருத்துக்குக் கீழே ஈரம் நிற்கிறது? அந்த இடத்தைப் படம் எடுத்து, திகதி போட்டு நகரசபைக்கு அனுப்புங்கள். அடுத்த வருடம் அதே இடத்தை மறுபடி எடுங்கள். என்னைப்போன்றவர்கள் வரும்போது முதலில் கேட்பது அந்த இரண்டு படங்களைத்தான்.