ஜிம்னாஸ்டிக்ஸ் வளையங்களில் கை ஏன் நடுங்குகிறது? வீட்டுக்கு வாங்கும் முன் கொஞ்சம் இயற்பியல்

ஒருவர் தரையில் முப்பது புஷ்-அப் எடுப்பார். பேரலல் பார் என்கிற இரு இணைக் கம்பிகளில் பத்து டிப்ஸ் (கையை மடக்கி உடம்பை இறக்கி, மீண்டும் தள்ளி ஏற்றுவது) சுலபமாகப் போடுவார். அவரையே இரண்டு ஜிம்னாஸ்டிக்ஸ் வளையங்களைப் பிடித்து, கையை நீட்டி, உடம்பைத் தூக்கி நிற்கச் சொல்லுங்கள். ஐந்து வினாடிக்குள் கை கிடுகிடுவென நடுங்கும், வளையங்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடப் பார்க்கும். எனக்கும் முதல் நாள் அப்படித்தான் நடந்தது. வலு போதவில்லை என்றுதான் நினைத்தேன். அந்த நடுக்கத்தின் காரணத்தைத் தேடிப் போனபோது, எந்த வளையம் வாங்குவது, எவ்வளவு உயரத்தில் மாட்டுவது, எவ்வளவு இடைவெளி விடுவது என்ற எல்லாக் கேள்விகளுக்கும் அதிலேயே பதில் இருந்தது.

வளையத்துக்குக் கீழே தொங்கும்போது உடம்பு ஒரு ஊஞ்சல். தள்ளிவிட்டால் ஆடும், பிறகு தானாகவே நடுவுக்கு வந்துவிடும். அதனால்தான் புல்-அப் எடுக்கும்போது வளையம் அவ்வளவு தொல்லை கொடுப்பதில்லை. வளையத்துக்கு மேலே ஏறி நின்றால் கதை மாறுகிறது. இப்போது தோள் மேலே, உள்ளங்கை கீழே. உள்ளங்கையில் ஒரு கம்பை நிமிர்த்தி வைத்துக்கொண்டு விழாமல் பார்த்துக்கொள்வோமே, அந்த நிலை. கொஞ்சம் சாய்ந்தால் இன்னும் சாயத்தான் பார்க்கும்.

இதை எண்ணாகவே பார்த்துவிடலாம். மேலே மாட்டிய இடத்திலிருந்து வளையம் வரை பட்டையின் நீளம் 2 மீட்டர், தோளிலிருந்து உள்ளங்கை வரை கையின் நீளம் 60 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். வளையம் ஒரு சென்டிமீட்டர் வெளியே நகர்கிறது. பட்டை சாய்வதால் வளையம் மிகச் சிறிதளவு மேலேறுகிறது, அது உடம்பை மீட்கப் பார்க்கும். அதே சமயம் கை சாய்வதால் தோள் சற்றுக் கீழிறங்குகிறது, அது சரிவைப் பெரிதாக்கப் பார்க்கும். இரண்டில் எது ஜெயிக்கும் என்பதை அந்த இரண்டு நீளங்களின் விகிதமே முடிவு செய்கிறது. 60-ஐ 200-ஆல் வகுத்தால் 0.3. அதாவது சரிவைத் தடுக்கும் வேலையில் 30 சதவீதத்தைப் பட்டை செய்துவிடுகிறது. மீதி 70 சதவீதம் உங்கள் தோளின் பொறுப்பு.

பட்டை 1.2 மீட்டராக இருந்தால் பட்டையின் பங்கு பாதிக்குப் பாதி. 3 மீட்டரானால் 20 சதவீதம்தான். பட்டை முழுவதுமாக உதவ வேண்டுமானால் அது கையின் நீளத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும், அப்போது தோள் உத்திரத்தில் போய் இடிக்கும்! ஆக, வளையத்தின் மேல் நிற்கிற யாருமே தானாக நிலைத்து நிற்கும் நிலையில் இல்லை. சர்வதேசப் போட்டிகளில் வளையங்களை மாட்டும் சட்டத்தின் உயரம் 5.8 மீட்டர், வளையம் தொங்குவது தரையிலிருந்து 2.8 மீட்டரில். இடையில் 3 மீட்டர். அதில் அசையாமல் நிற்கிற வீரரைப் பார்க்கும்போது எனக்கு வரும் மரியாதை, இந்தக் கணக்கைப் போட்ட பிறகு இரண்டு மடங்காகிவிட்டது.

சரி, நடுக்கம் எங்கிருந்து வருகிறது? தசை திடீரென்று இழுபட்டால் தண்டுவடம் மூளையைக் கேட்காமலேயே பதில் கொடுக்கும். அந்த அனிச்சைச் செயலுக்கே சுமார் 30 முதல் 50 மில்லி வினாடி பிடிக்கும். நாமாக உணர்ந்து திருத்துவதற்கு 150 மில்லி வினாடிக்கு மேல் ஆகும். அதற்குள் வளையம் இன்னும் நகர்ந்திருக்கும். உள்ளே இழுக்கிறோம், அளவுக்கு மீறி வந்துவிடுகிறது. வெளியே தள்ளுகிறோம், அதுவும் மீறுகிறது. தாமதமாக வரும் திருத்தங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதைத்தான் நடுக்கமாகப் பார்க்கிறோம். நாளாக ஆக நரம்பு மண்டலம் வேறு வழி கண்டுபிடிக்கிறது. மூட்டின் இருபக்கத் தசைகளையும் முன்கூட்டியே சேர்த்து இறுக்கிவிடுகிறது. சில வாரங்களில் நடுக்கம் குறைகிறது என்றால், தசை பருத்துவிட்டது என்று அர்த்தமில்லை, பெரும்பாலும் இந்தப் பாடம் படிந்திருக்கிறது.

தோள் மூட்டுக்கு இந்தப் பாடம் ரொம்பவே தேவை. இடுப்பு மூட்டில் எலும்பின் உருண்டை ஆழமான கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. தோளில் அது ஆழமில்லாத தட்டில் வைத்த பந்து. அதைச் சுற்றி நான்கு சிறிய தசைகள் பிடித்து நடுவில் நிறுத்துகின்றன. அசையாத கம்பியில் பயிற்சி செய்யும்போது கம்பி செய்துவிடும் வேலையை, வளையத்தில் அந்த நான்கும்தான் செய்ய வேண்டும். ஆனால் தசைகள் வாரங்களில் பழகினால் தசைநாண்கள் பழக மாதங்கள் ஆகும். கையை நேராக நீட்டிச் செய்கிற பயிற்சிகளில் அவசரம் கூடாது என்பது இதனால்தான்.

இன்னொரு நல்ல விஷயம், வளையம் சுழலும். கம்பியில் புல்-அப் எடுக்கும்போது மணிக்கட்டு ஒரே கோணத்தில் பூட்டப்பட்டுவிடும், மிச்சத் திருகலை முழங்கையும் தோளும் வாங்கிக்கொள்ளும். வளையத்தில் உள்ளங்கை வெளியே பார்த்தபடி தொடங்கி, மேலே போகப் போகத் தானாகவே உள்ளே திரும்பும். கை எப்படித் திரும்ப விரும்புகிறதோ அப்படியே விட்டுவிடலாம். கம்பியில் முழங்கை வலித்த சிலருக்கு வளையத்தில் வலிக்காததற்கு இது ஒரு காரணம்.

இப்போது மாட்டும் இடத்துக்கு வருவோம், ஏனென்றால் பலரும் கோட்டைவிடுவது அங்கேதான். போட்டி வளையங்களுக்கு இடையே 50 செ.மீ. இருக்கும், ஏறக்குறைய தோள் அகலம். வீட்டில் கொக்கிகள் ஒரு மீட்டர் தள்ளி இருக்கின்றன என்று அப்படியே மாட்டினால் என்ன ஆகும்? ஒவ்வொரு வளையமும் இருக்க வேண்டிய இடத்துக்கு 25 செ.மீ. வெளியே தொங்கும். 70 கிலோ எடையுள்ளவர், 1.5 மீட்டர் பட்டையில் அவற்றை 50 செ.மீ. இடைவெளிக்கு இழுத்து வைத்துக்கொள்ள வேண்டுமானால், ஒவ்வொரு கையும் ஏறக்குறைய 6 கிலோ விசையை உள்நோக்கிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். டிப்ஸ் போடுவதற்கு முன்பே பாதி தெம்பு அதில் போய்விடும். இரண்டு பட்டைகளையும் ஒரே கொக்கியில் மாட்டுவது, காலைத் தரையில் ஊன்றிப் பின்னால் சாய்ந்து இழுக்கும் ரோ பயிற்சிக்குப் பரவாயில்லை. டிப்ஸுக்கு ஆகாது, பட்டை கழுத்தையும் கையையும் உரசும்.

வளையம் உடம்பை விட்டு விலகுவது ஏன் அவ்வளவு கடினம் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஒரு கைக்கு 35 கிலோ. அது தோளுக்கு நேர் கீழே இருந்தால் தோளில் திருகு விசையே இல்லை. 10 செ.மீ. விலகினால் ஒரு பங்கு, 60 செ.மீ. விலகினால் ஆறு பங்கு. அந்த 60 செ.மீ.தான் அயர்ன் கிராஸ், சிலுவை போல இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி நிற்பது. 1956-லும் 1960-லும் வளையப் போட்டியில் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஆர்மீனியர் ஆல்பர்ட் அசார்யன் இந்த நிலைக்காகவே பெயர் பெற்றவர். நமக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது சின்ன விஷயம்: டிப்ஸ் போடும்போது வளையம் விலாவை ஒட்டியே இருக்கட்டும்.

வளையத்தின் தடிமன் சந்தையில் பெரும்பாலும் இரண்டு அளவுகளில் கிடைக்கும், 28 மி.மீ., 32 மி.மீ. நான்கு மில்லிமீட்டர் ஒரு வித்தியாசமா என்று தோன்றும். சுற்றளவில் பார்த்தால் 88 மி.மீ.க்கும் 100 மி.மீ.க்கும் உள்ள வித்தியாசம் அது. விரல்நுனி எட்டிப் பிடிக்க வேண்டிய தூரம் 12 மி.மீ. கூடுகிறது. போட்டி வளையம் 28 மி.மீ.தான், உள்விட்டம் 18 செ.மீ. கை சின்னதாக இருப்பவர்கள் 28 எடுப்பதே நல்லது. மணிக்கட்டையே வளையத்தின் மேல் மடித்துப் பிடிக்கும் பிடி ஒன்று உண்டு, தொங்கிய நிலையிலிருந்து ஒரே இழுப்பில் மேலேறும் மசில்-அப்புக்கு அது தேவை. அதற்கும் 28 வசதி. டிப்ஸ், புஷ்-அப் போலத் தள்ளும் பயிற்சிகளே பிரதானம் என்பவர்களுக்கு 32 உள்ளங்கையில் அழுத்தத்தைப் பரப்பிக் கொடுக்கும்.

அடுத்து, எந்தப் பொருள்? வீட்டுக்குள் பயன்படுத்துவதாக இருந்தால் மரம்தான் என்று தயங்காமல் சொல்வேன். மரத்தின் நுண்துளைகள் வியர்வையைக் கொஞ்சம் உறிஞ்சும், கை வழுக்காமலிருக்கப் பூசும் வெள்ளைச் சாக் பொடியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். வழவழப்பான பிளாஸ்டிக்கில் வியர்வை மெல்லிய படலமாக நின்று கையை வழுக்கச் செய்யும். என் முதல் வளையங்கள் பிளாஸ்டிக். பத்து முறை இழுக்கத் தெம்பு இருந்தும் ஆறாவதிலேயே பிடி நழுவும். வெளியில், மழையிலும் வெயிலிலும் தொங்கப்போகிறது என்றால் மட்டும் பிளாஸ்டிக்குக்கு நியாயம் உண்டு. இரும்பு வளையம் கனமாக இருக்கும், வழுக்கும், ஆடி வந்து தலையில் பட்டால் காயம்.

மர வளையத்திலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒற்றைப் பலகையிலிருந்து வளையமாக அறுத்தால், மரத்தின் இழை நேராக ஓடும், வளையமோ வளைந்து போகும். இரண்டு இடங்களில் இழை வளையத்துக்குக் குறுக்கே வந்துவிடும். விறகு எப்படி இழை வழியே சுலபமாகப் பிளக்குமோ, அப்படி அந்த இரண்டு இடங்களும் பிளக்கத் தயாராக இருக்கும். வளையம் சுழலக்கூடியது என்பதால் அந்தப் பலவீனமான இடம் என்றைக்கு உங்கள் கைக்குக் கீழே வரும் என்று சொல்ல முடியாது. நல்ல வளையங்களைப் பல மெல்லிய அடுக்குகளை ஒட்டிச் செய்வது இதற்காகத்தான். அடுக்குக்கு அடுக்கு இழையின் திசை மாறுவதால் பிளவு ஓடுவதற்கு நேர்வழி கிடைக்காது. விளிம்பில் கோடுகோடாக அடுக்குகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். மேலே பளபளவென்று தடித்த வார்னிஷ் பூசியிருந்தால் மரம் வாங்கியும் பலனில்லை, கை தொடுவது வார்னிஷைத்தான். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிடலாம்.

பட்டைகளில் பாலியெஸ்டர் நல்லது. நைலான் எடை ஏறும்போது அதிகம் நீளும், ஈரத்தையும் உறிஞ்சும். பட்டையின் பக்கிளுக்குள் பல் வைத்த ஒரு நாக்கு ஸ்பிரிங்கில் உட்கார்ந்திருக்கும். பட்டையை எவ்வளவு இழுக்கிறோமோ, அந்த நாக்கு அவ்வளவு உள்ளே திரும்பிக் கடிக்கும். உங்கள் எடையே பூட்டு. ஆனால் பட்டையைத் தலைகீழாகக் கோத்தால் பல் கடிக்க வேண்டிய பக்கம் மாறிப்போய், பட்டை வழுக்கிவிடும். நாக்கை வெளியிலிருந்து அழுத்தினாலும் பூட்டு விடும், அதனால் பக்கிள் கைக்கும் முழங்கைக்கும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

பட்டையில் எழுதியிருக்கும் தாங்குதிறனை உடல் எடையோடு நேரடியாக ஒப்பிட வேண்டாம். அசையாமல் தொங்கினால் எடை 70 கிலோவாக இருக்கலாம். பட்டை செங்குத்திலிருந்து 60 டிகிரி விலகும் உயரத்திலிருந்து ஊஞ்சலாடி வந்தால், கீழ்ப்புள்ளியில் இழுவிசை இரண்டு மடங்கு. 90 டிகிரியிலிருந்து வந்தால் மூன்று மடங்கு, 210 கிலோ. ஒரு கணம் அது பெரும்பாலும் ஒரே கையில் விழவும் கூடும். எண் ஒரு வளையத்துக்கா, இரண்டுக்கும் சேர்த்தா, அறுந்துபோகும் அளவா, பாதுகாப்பாகத் தாங்கும் அளவா என்று விசாரித்து வாங்குங்கள். கதவு நிலையில் சும்மா மாட்டி வைக்கும் கம்பிகள் கீழ்நோக்கிய எடைக்காக வடிவமைத்தவை. பக்கவாட்டு ஊசலாட்டத்தில் அவை கழன்று வரலாம். கூரையில் கொக்கி அடிப்பதென்றால் கட்டுமானம் தெரிந்தவர் பார்த்துச் சொன்ன பிறகே அடியுங்கள்.

எல்லாம் மாட்டியாயிற்று, ஆனால் ஒரு புல்-அப்கூட வரவில்லை என்பவருக்கும் வளையம் உதவும். குதிகாலைத் தரையில் ஊன்றி, பின்னால் சாய்ந்து இழுக்கும் ரோ பயிற்சியில் உடம்பு ஒரு நெம்புகோல். பாதத்திலிருந்து அளந்தால் உடம்பின் ஈர்ப்பு மையம் உயரத்தில் சுமார் 55 சதவீதத்திலும், தோள் சுமார் 82 சதவீதத்திலும் இருக்கும். உடம்பு தரைக்கு இணையாக இருக்கும்போது கைக்கு வருவது எடையில் மூன்றில் இரண்டு பங்கு, 60 கிலோ ஆளுக்கு 40 கிலோ. தரையோடு 60 டிகிரி கோணத்தில் நிமிர்ந்து, கை உடம்புக்குச் செங்குத்தாக இருக்கும்படி இழுத்தால் அது 20 கிலோவாகப் பாதியாகிவிடும். காலை ஒரு அடி முன்னால் வைத்தால் கனம், பின்னால் வைத்தால் லேசு. எடைத் தட்டு மாற்றுகிற வேலையை இரண்டு எட்டு நடந்து முடித்துவிடலாம்.

பட்டையில் எண்கள் அச்சிட்டிருந்தால் கூடுதல் வசதி, இரண்டு வளையத்தையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவர நிமிடக்கணக்கில் போராட வேண்டியதில்லை. உத்திரத்தின் மேல் பட்டை உட்காரும் இடத்தை மட்டும் வாரத்துக்கு ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள். தேய்மானம் எப்போதும் அந்த ஒரே மடிப்பில்தான் சேரும். பட்டையை ஒரு சாண் நகர்த்தி மாட்டினால் தேய்மானம் வேறு இடத்துக்குப் போகும். நூல் பிரிய ஆரம்பித்திருந்தால் அந்தப் பட்டையை அன்றே கழற்றி வைத்துவிடுங்கள்.