மோடம் இயங்கும்போது மவுஸ் ஏன் உறைகிறது?

பழைய கணினிகளில் மோடம் டயல் செய்யத் தொடங்கியதும் மவுஸின் அம்புக்குறி அசையாமல் நின்றுவிடுவது உண்டு. இரண்டில் எதுவும் பழுதாகியிருக்காது. ஒரே குறுக்கீட்டுத் தடத்தை இரண்டும் பயன்படுத்த முயல்வதே காரணம்.

செயலியின் கவனத்தை ஈர்க்க ஒரு சாதனம் அனுப்பும் சமிக்ஞைக்கான தடமே ஐஆர்க்யூ. 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் இத்தகைய தடங்கள் 8 இருந்தன. 1984இல் ஏடி வகைக் கணினியில் இரண்டாவது கட்டுப்பாட்டுச் சில்லு சேர்ந்தபோது, அதை முதல் சில்லுடன் இணைக்கவே ஒரு தடம் செலவானதால் 15 தடங்கள் பயன்பாட்டுக்குக் கிடைத்தன. கடிகாரம், விசைப்பலகை, நெகிழ்வட்டு, வன்தட்டு ஆகியவை தம் பங்கை எடுத்துக்கொண்ட பின் மிஞ்சியவை சிலவே. அதனால் மவுஸ், மோடம் போன்றவை இணையும் தொடர் போர்ட்டுகளில் காம்1, காம்3 இரண்டுக்கும் 4ஆம் தடமும், காம்2, காம்4 இரண்டுக்கும் 3ஆம் தடமும் வழக்கமாயின.

தாய்ப்பலகையின் பழைய வகைச் செருகிடமான ஐஎஸ்ஏவில் பொருத்தும் அட்டைகளில் இந்தப் பகிர்வு பெரும்பாலும் பலிப்பதில்லை. தடத்தின் மின்னழுத்தம் தாழ்நிலையிலிருந்து உயரும் அந்தக் கணத்தை மட்டுமே சில்லு கவனிக்கிறது. ஓர் அட்டை தடத்தை உயர்நிலையில் பிடித்திருக்கையில் மற்றொன்று அழைத்தால், உயர்வதற்கு இடமில்லாததால் அந்த அழைப்பு தொலைந்துபோகிறது. பின்னர் வந்த பிசிஐ என்ற செருகிட வகை, மின்னழுத்தத்தின் நிலையையே பார்ப்பதால் பகிர்வைத் தாங்குகிறது.

முகவரி மோதல் வேறு வகை. செயலி ஒரு சாதனத்துடன் தரவைப் பரிமாறிக்கொள்ளப் பயன்படுத்தும் எண்ணே இங்கு முகவரி; இரண்டு சாதனங்கள் ஒரே எண்ணைக் கோரினால் மோதல். என்ஈ2000 வகை நெட்வொர்க் அட்டையை 360 என்ற முகவரியில் அமைத்தால், அது அங்கிருந்து 32 முகவரிகளை எடுத்துக்கொள்ளும். இம்முகவரிகள் பதினாறை அடிமானமாகக் கொண்ட பதினறும எண்முறையில் எழுதப்படுபவை; அதில் 32 என்பது 20 ஆகையால், 380க்கு முந்தைய முகவரி வரை அதன் எல்லை நீள்கிறது. அச்சுப்பொறி போர்ட்டின் வழக்கமான முகவரியான 378 அதற்குள் அகப்பட்டுக்கொள்கிறது. அட்டையின் அமைப்பை மாற்ற உதவும் சிறு செருகியான ஜம்பரில் 360 என்று மட்டும் பார்ப்பவருக்கு இது தோன்றவே தோன்றாது.

எனவே கோளாறு எப்போது தலைகாட்டுகிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். கணினி தொடங்கும்போதே ஒரு சாதனம் அறியப்படாமல் போனால் முகவரியையும், இரண்டு சாதனங்கள் ஒருசேர இயங்கும்போது மட்டும் சிக்கல் வந்தால் ஐஆர்க்யூவையும் ஐயுறலாம். விண்டோஸ் 95இன் டிவைஸ் மேனேஜர் மஞ்சள் நிற ஆச்சரியக்குறியால் எச்சரிக்கும் என்றாலும், ஜம்பரால் அமைத்த அட்டைகளைப் பொறுத்தவரை அதை முழுதாக நம்புவதற்கில்லை. காட்சி அட்டையையும் வட்டுக் கட்டுப்பாட்டு அட்டையையும் தவிர மற்றவற்றைக் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாகச் செருகிச் சோதிப்பதே, சலிப்பூட்டினாலும், உறுதியான வழி.

மவுஸ் காம்1இலும் மோடம் காம்3இலும் இருந்தால், பயன்படாத காம்2ஐ, கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் அடிப்படை மென்பொருளான பயாஸின் அமைப்பில் முடக்கிவிட்டு, மோடத்தின் ஜம்பர்களைக் காம்2க்கு மாற்றுவது போதும்.